விட்ட தண்ணீர் வெளியே வரவேண்டும்: சோபா சலவையில் நம்பிக்கைகளும் உண்மைகளும்

"அண்ணே, சோபா கிளீனிங் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். எத்தனை வாட் மெஷின் வாங்கட்டும்?"

இந்தக் கேள்வியோடு அடிக்கடி யாராவது அழைக்கிறார்கள். நகையை அடகு வைத்தோ தவணை கட்டியோ மெஷின் எடுக்கப்போகிற பிள்ளைகள். சென்னையில் பல வருடங்களாக இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "அஞ்சு லிட்டர் தண்ணி உள்ளே விட்டா, அந்த மெஷின் எத்தனை லிட்டரைத் திரும்ப எடுக்கும் தம்பி?" பெரும்பாலும் பதில் வராது. விற்றவர் அதைச் சொல்லியிருக்க மாட்டார். தண்ணீரும் சோப்பும் போட்டுச் சோபாவைத் தேய்க்க யாராலும் முடியும். விட்ட தண்ணீரை அழுக்கோடு வெளியே இழுப்பதற்குத்தான் நமக்குக் கூலி.

நம்பிக்கை: வாட் கூடினால் இழுவை கூடும்

வாட் என்பது மோட்டார் எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தின் அளவு. அதில் எவ்வளவு இழுவையாக மாறுகிறது என்பது மோட்டாரின் அமைப்பு, குழாயின் நீளம், முனையின் வடிவம் எல்லாவற்றையும் பொறுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் வீட்டு வேக்கம் கிளீனர்களுக்கு 2014 செப்டம்பரில் 1600 வாட் என்றும், 2017 செப்டம்பரில் 900 வாட் என்றும் உச்சவரம்பு வைத்தது. வாட்டைக் கூட்டாமலே நன்றாக இழுக்கும் மெஷினைச் செய்ய முடியும் என்ற அடிப்படையில்தான் அந்த விதி வந்தது.

பார்க்கவேண்டிய எண்கள் இரண்டு. ஒன்று, உறிஞ்சும் அழுத்தம், மில்லிபாரில் போட்டிருப்பார்கள். ஃபோமின் ஆழத்தில் இருக்கும் ஈரத்தை மேலே கொண்டுவருவது அது. மற்றொன்று, நொடிக்கு எத்தனை லிட்டர் காற்று ஓடுகிறது என்பது. மேலே வந்த ஈரத்தைத் தொட்டிவரை சுமந்துபோவது இந்தக் காற்றோட்டம். ஒன்று நன்றாக இருந்து மற்றது மோசமானால் பயனில்லை. கடையில் நின்று நீங்களே சோதித்துப் பாருங்கள். ஐந்து லிட்டர் தண்ணீரை அளந்து ஊற்றி, ஒரு பழைய குஷன்மேல் தெளித்து இழுத்து, அழுக்குத் தொட்டியில் வந்ததை அளந்து பாருங்கள். இதற்குச் சம்மதிக்காத கடையில் மெஷின் வாங்கவேண்டாம். முனை கண்ணாடிபோல உள்ளே தெரிவதாக இருப்பது நல்லது. ஓடும் தண்ணீரின் நிறம் தெளிகிறதா என்பதைப் பார்த்துக்கொண்டே வேலை செய்யலாம்.

நம்பிக்கை: தூசு தண்ணீரோடு போய்விடும், நேரே ஷாம்பூ போடலாம்

தூசும் தண்ணீரும் சேர்ந்தால் சேறு. அந்தச் சேறு ஃபோமுக்குள் இறங்கிவிட்டால் எந்த மெஷினுக்கும் கஷ்டம். துணியில் இருக்கும் அழுக்கில் பெரும்பங்கு உலர்ந்த தூசும் மணலும்தான். ஈரம் படுவதற்கு முன் அதை உறிஞ்சி எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

சிலர் புளோயர் வைத்து ஊதுகிறார்கள்; தூசு பறந்து மறுபடியும் அங்கேயே படிகிறது. லண்டன் பொறியாளர் ஹியூபர்ட் சீசில் பூத் 1901-ல் இதே குறையைத்தான் கண்டார். காற்றை ஊதித் தூசு போக்கும் ஒரு கருவியின் செய்முறை விளக்கத்தைப் பார்த்தவர், ஊதுவதற்குப் பதில் உறிஞ்சினால் என்ன என்று யோசித்தார். ஓர் உணவகத்தின் மெத்தை நாற்காலியில் கைக்குட்டையை விரித்து, அதன்மேல் வாயை வைத்து இழுத்தார். கைக்குட்டையின் அடிப்பக்கத்தில் தூசு படிந்திருந்தது. வேக்கம் கிளீனர் அந்தச் சோதனையிலிருந்து பிறந்தது. நம் தொழிலின் மூதாதை ஒரு நாற்காலி மெத்தை என்பது எனக்குப் பெருமையான விஷயம்.

நம்பிக்கை: நுரை எவ்வளவோ அவ்வளவு சுத்தம்

வாடிக்கையாளர்களும் இதை நம்புகிறார்கள். நுரை பொங்கினால்தான் காசுக்கு வேலை நடந்ததாக நினைக்கிறார்கள். நுரை அழுக்கை எடுப்பதில்லை. தொட்டியில் ஏறி மோட்டாரைக் கெடுக்கும், துணியில் தங்கிப் பிசுபிசுக்கும், அந்தப் பிசுக்கில் புதுத் தூசு ஒட்டும். "போன மாசம்தான் வாஷ் பண்ணினோம், அதுக்குள்ள முன்னைவிடக் கறுத்துப்போச்சு" என்று அம்மாக்கள் சொல்வதற்குப் பெரும்பாலும் காரணம் இந்த மிச்ச சோப்புதான். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் பகுதிகளில் சிக்கல் இன்னும் கூடும். சோப்பும் கடினநீரும் சேர்ந்து கரையாத வெள்ளைப் படிவாகத் துணியில் நின்றுவிடும். கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் எடுத்துப்போங்கள்.

ஹெர்பர்ட் சின்னர் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1959-ல் சொன்ன கணக்கு ஒன்று உண்டு. சுத்தம் செய்வதில் மருந்து, தேய்ப்பு, சூடு, நேரம் என்று நான்கு பங்குகள். ஒன்றைக் குறைத்தால் மற்றொன்றைக் கூட்டவேண்டும். நம் ஆட்கள் எப்போதும் மிச்சம் பிடிப்பது நேரத்தை. மருந்து தெளித்த உடனே டிரில்லில் பிரஷ்ஷை மாட்டிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். வெல்வெட் மீதும் தளர்ந்த நெசவு மீதும் டிரில் பிரஷ் ஓடினால் இழை கலைந்து வட்டவட்டமாகத் தடம் விழும். மருந்து காயாமல் பத்து நிமிடம் ஊறட்டும். பிறகு குதிரைமுடி பிரஷ்ஷோ கைத்துண்டோ போதும்.

நம்பிக்கை: மஞ்சள் கறை சிவந்தால் துணி வெந்துவிட்டது

இதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். சாம்பாரும் மீன்குழம்பும் சிந்தாத சோபா நம் ஊரில் இல்லை; இந்தக் கறையில் வந்த சண்டைகளும் அதிகம்.

மஞ்சள் கறைமேல் ஷாம்பூ போட்டதும் அது செக்கச்செவேலென்று மாறும். வீட்டுக்காரர் அலறுவார். புதிதாக வந்த பையன் பயந்து இன்னும் சோப்புப் போட்டுத் தேய்ப்பான், இன்னும் சிவக்கும். இந்த நிறமாற்றம் நாம் அறியாததா? ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கலந்ததும் சிவக்கிறதே, அதேதான். மஞ்சளிலுள்ள குர்குமின் அமிலத்தில் மஞ்சளாகவும், காரம் ஏறும்போது சிவப்பாகவும் தெரியும். துணி துவைக்கும் பவுடர் கரைசலின் பி.எச். அளவு பத்தை ஒட்டி இருக்கும். அதுதான் இங்கே சுண்ணாம்பு. துணிக்கு ஒன்றும் ஆகவில்லை.

பதறாமல் வரிசையாகச் செய்யுங்கள். குர்குமின் தண்ணீரில் எளிதில் கரையாது, எண்ணெயில் கரையும். அதனால் முதலில் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கவேண்டும். நடுநிலையான பாத்திரம் கழுவும் திரவத்தைக் கொஞ்சம் நீர்க்கக் கலந்து வெள்ளைத் துணியில் ஒற்றி ஒற்றி எடுங்கள். தேய்த்தால் கறை பரவும். பிறகு எலுமிச்சை உப்பையோ வினிகரையோ மிகவும் நீர்க்கக் கலந்து அலசினால் சிவப்பு மீண்டும் மஞ்சளாகும். மிச்சத்தை 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு வெளுக்கும்; ஆனால் சோபாவின் பின்புறம் மறைவான இடத்தில் முதலில் சோதித்த பிறகே. கடைசி மருந்து வெயில். ஒளி பட்டால் குர்குமின் தானே சிதையும். குஷன் உறையைக் கழற்ற முடிந்தால் வெயிலில் போடுங்கள். துணியின் சொந்த நிறமும் வெளுக்கக்கூடும் என்பதால் அடிக்கடி எடுத்துப் பாருங்கள். அமிலத்தையும் காரத்தையும் சேர்த்து ஊற்றும் பழக்கம் மட்டும் வேண்டாம். சமையல் சோடாவும் வினிகரும் பொங்குவது பார்க்க நன்றாக இருக்கும். ஒன்றையொன்று தீர்த்துவிட்டு, பெரும்பாலும் தண்ணீரும் கொஞ்சம் உப்பும்தான் மிஞ்சும்.

தலை சாய்க்கும் இடத்து எண்ணெய்க் கறைக்கும் இதே ஒழுங்குதான்: முதலில் எண்ணெய், பிறகு மற்றவை. தேங்காய் எண்ணெய் 24 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகுவது. வெதுவெதுப்பான நீர் உதவும். நம் வீடுகளில் சோபா முதுகில் துண்டு போடுவதைச் சிலர் பட்டிக்காட்டுப் பழக்கம் என்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மக்காசர் என்ற தலை எண்ணெய் படாமலிருக்க நாற்காலிகளுக்கு இதே போல் ஒரு துணி போட்டார்கள். அந்தத் துணிக்கு ஆன்டிமக்காசர் என்றே பெயர். துண்டு நல்ல பழக்கம். தொடருங்கள்.

நம்பிக்கை: ஸ்டீம் போட்டால் எல்லாம் போய்விடும்

ஊரில் ஸ்டீம் கிளீனிங் என்று விளம்பரம் செய்வதில் பெரும்பாலானது வெந்நீர் தெளித்து உறிஞ்சுவதுதான், நீராவி அல்ல. அது நல்ல முறைதான், பெயர்தான் தவறு. உண்மையான நீராவியைப் பால், முட்டை, ரத்தக் கறைமேல் காட்டினால் புரதம் வெந்து துணியோடு இறுகிவிடும். இவற்றுக்குக் குளிர்ந்த நீர். தூசிப்பூச்சிகள் 55 டிகிரிக்கு மேல் சாகும் என்பது உண்மை. ஆனால் தும்மலைக் கிளப்பும் அவற்றின் எச்சமும் உடலும் துணியிலேயே கிடக்கும். உறிஞ்சி எடுக்காமல் ஒவ்வாமை தீராது.

நம்பிக்கை: எந்தச் சோபாவுக்கும் ஒரே மருந்து

இறக்குமதிச் சோபாக்களில் சிறு பட்டி இருக்கும். டபிள்யூ என்றால் தண்ணீர் முறை, எஸ் என்றால் கரைப்பான் மட்டும், இரண்டும் இருந்தால் இரண்டும் ஆகும், எக்ஸ் என்றால் வேக்கம் தவிர வேறெதுவும் கூடாது. ஆசாரி வீட்டிலேயே செய்து கொடுத்த சோபாவில் பட்டிக்கு எங்கே போவது? தையலின் உள்பக்கம் ஓர் இழையை உருவி, வெளியே கொண்டுபோய்க் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரியும் வாசனை வந்தால் பருத்தியோ விஸ்கோஸோ. முடி பொசுங்கும் வாசனை என்றால் கம்பளி அல்லது பட்டு. உருகி மணியாக உருண்டால் பாலியெஸ்டர் போன்ற செயற்கை இழை.

இதில் நான் மிகவும் அஞ்சுவது விஸ்கோஸ். நனைந்தால் அதன் வலு ஏறக்குறைய பாதியாகக் குறையும். பளபளக்கும் விஸ்கோஸ் வெல்வெட்டைப் பார்த்தால், "சார், இதைத் தண்ணியில தொடமாட்டேன்" என்று சொல்லிவிடுங்கள். வருமானம் போனாலும் பரவாயில்லை. கம்பளிக்கும் பட்டுக்கும் காரம் ஆகாது; குளோரின் பிளீச் அவற்றைக் கரைத்தே விடும்.

ரெக்ஸின் உரிவது வேறு கதை. வாஷ் பண்ணியதால் உரிந்தது என்று நம்மேல் பழி வரும். பாலியூரித்தேன் பூச்சுள்ள ரெக்ஸின் காற்றிலுள்ள ஈரப்பதத்தால் தானாகவே வேதிமுறையில் சிதைகிறது. கடற்கரை ஊர்களில் சில வருடங்களிலேயே செதிள்செதிளாகக் கொட்டும். துடைத்தால் உரியக் காத்திருந்தது உரியும், அவ்வளவே. வேலைக்கு முன் வீட்டுக்காரரை அழைத்துக் காட்டிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை: மேலே காய்ந்தால் காய்ந்ததுதான்

தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு நவம்பர் மாதம், மூன்று பேர் அமரும் சோபா ஒன்றை நன்றாக நனைத்துக் கழுவினேன். அன்று மாலையே துணி தொட்டால் உலர்ந்திருந்தது. நான்கு நாள் கழித்து அழைப்பு வந்தது: வீடு முழுக்க முடைநாற்றம். உறையைப் பிரித்தால் ஃபோம் கசிந்தது, அடியில் பிளைவுட் முழுக்கப் பூசணம், ஆணியெல்லாம் துரு. என் செலவில் ஃபோம் மாற்றிக் கொடுத்தேன். அந்த வீட்டில் ஆஸ்துமா உள்ள ஒரு பாட்டி இருந்தார். பணத்தைவிட அதுதான் என்னை உறுத்தியது.

நனைந்த பொருள் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயாவிட்டால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். துணி சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். நாலு அங்குல ஃபோம் காயாது. எனவே நனைத்தபடி ஒரு இழுவை இழுத்தால், தண்ணீர் விடாமல் இரண்டு மூன்று வெற்று இழுவை இழுக்கவேண்டும். முனையில் தண்ணீர் ஓடுவது நிற்கும்வரை. கடைசியில் உலர்ந்த வெள்ளைத் துண்டை விரித்து முழங்காலால் அழுத்திப் பாருங்கள். ஈரம் ஏறினால் வேலை முடியவில்லை. குஷன்களைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி வையுங்கள், இரு பக்கமும் காற்றுப் படும். மேலே சுழலும் விசிறி போதாது. தரையில் வைத்து நேராக வீசும் விசிறி ஒன்று மெஷினோடு சேர்ந்தே வாங்குங்கள். மழை பெய்யும்போது ஜன்னலைத் திறப்பது ஈரக்காற்றை உள்ளே அழைப்பது. மூடிவிட்டு ஏசியை டிரை முறையில் ஓடவிடச் சொல்லுங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழை நாட்களில், மதியத்துக்கு மேல் புது வேலை ஒப்புக்கொள்ளாதீர்கள் தம்பிகளே. மறுநாள் ஒருமுறை போன் செய்து, குஷனை அழுத்திப் பார்த்து ஈரம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருக்கிறது என்றால் மெஷினை எடுத்துக்கொண்டு திரும்பப் போங்கள். அந்த நடைக்குக் காசு கேட்காதீர்கள்.