வீட்டு முயல்களும் அவற்றின் ஒற்றுமையும்

முயல் என்றவுடன் நம் நினைவுக்கு வருவன இரண்டு. ஒன்று ஆமையிடம் பந்தயத்தில் தோற்ற முயல். மற்றொன்று பாட்டிமார் நிலவில் காட்டும் முயல். அவை இரண்டையும் ஒருபுறம் வைத்துவிட்டு, வீட்டுக் கூடத்தில் நடமாடும் உண்மையான முயலைப் பற்றி இக்கட்டுரையில் காண்போம். சாதுவென்று பெயரெடுத்த இச்சிறு பிராணி தன் இனத்தோடு எவ்வளவு கடுமையாகப் போரிடும் என்பதும், அப்படிப்பட்ட இரண்டை ஒரே கூரையின்கீழ் நட்பாக வாழ வைக்கலாம் என்பதும் வளர்த்தவர்களுக்கே தெரியும். நாங்கள் இரண்டையும் கண்டிருக்கிறோம்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் நாட்டுப் புதர்க் காடுகளில் பாய்ந்தோடும் காட்டு முயல் வேறு. வீட்டில் வளரும் முயல் வேறு. காட்டு முயலின் குட்டி உடம்பெல்லாம் மயிருடனும் திறந்த கண்களுடனும் பிறக்கும். அது வளை தோண்டுவதில்லை. வீட்டு முயலின் குட்டியோ மயிரின்றி, கண் திறவாமல், வளைக்குள் பிறப்பது. காட்டு முயலைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். வீட்டு முயலினங்கள் அனைத்துக்கும் மூதாதை ஸ்பெயின், போர்த்துக்கல், தென்பிரான்ஸ் பகுதிகளைச் சேர்ந்த ஐரோப்பிய முயலே. நம் மாநிலத்தில் அதன் வழிவந்த இனங்களைக் காண விரும்புவோர் கொடைக்கானலுக்கு அப்பாலுள்ள மன்னவனூருக்குச் செல்லலாம். அங்கே மத்திய செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் 1965 முதல் இயங்கி வருகிறது. 'ஒயிட் ஜெயன்ட்', 'சோவியத் சின்சில்லா' என்னும் பெருமுயல்கள் அங்கு வளர்க்கப்படுகின்றன.

முயலை வீட்டுப் பிராணியாக்கியவர்கள் யார்? பல நூல்களில் ஒரு கதை காணப்படும். கி.பி. 600ஆம் ஆண்டளவில் திருத்தந்தை பெரிய கிரகோரியார், முயல் குட்டிகள் மாமிசமல்ல, தவக்காலத்திலும் உண்ணலாம் என்று ஆணையிட்டாராம். அதனால் பிரான்ஸ் நாட்டுத் துறவிகள் மடங்களில் முயல் வளர்க்கத் தொடங்கினராம். கேட்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் 2018இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய ஏடுகளைத் தேடிப் பார்த்து, அப்படியோர் ஆணையே இல்லை என்று காட்டிவிட்டனர். தூர் நகர ஆயரான புனித கிரகோரியார், ஒருவர் தவக்காலத்தில் முயல் குட்டிகளைத் தின்றதாக எழுதிய குறிப்பு, பெயர் ஒற்றுமையால் திருத்தந்தையின் தலையில் ஏற்றப்பட்டதாம்! எங்கள் பாட்டிக்கு இச்செய்தி பெரிய நிம்மதி. நல்ல வகையிலும் திருச்சபையின் கலையில் முயலுக்கு இடமுண்டு. டிசியன் என்னும் இத்தாலிய ஓவியர் 1530ஆம் ஆண்டளவில் தீட்டிய ஓர் ஓவியத்தில் தேவதாய் வெண்முயல் ஒன்றைக் கையால் பிடித்திருக்கிறார். அது இப்போது பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது.

இனி, முயலின் உடலமைப்பைச் சிறிது அறியாமல் அதை வீட்டில் வைத்திருக்க இயலாது. முயல் எலியினத்தைச் சேர்ந்ததன்று. மேல்வரிசை முன்பற்களுக்குப் பின்னால் இன்னும் இரண்டு சிறு பற்கள் ஒளிந்திருக்கும். எலிக்கு அவை இல்லை. பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பற்கள் வாரத்துக்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் வளரும். ஆகவே நாளெல்லாம் காய்ந்த புல்லை அரைத்துக்கொண்டே இருந்தால்தான் அவை தேயும். படங்களில் முயலின் கையில் எப்போதும் காரட்டைக் கொடுத்துவிடுகிறார்கள். உண்மையில் காரட் அதற்கு மிட்டாய் போன்றது. சிறு துண்டு போதும். புல்லே சோறு, கொத்தமல்லி, புதினா போன்ற கீரைகள் கறி, குச்சித் தீவனம் ஒரு கைப்பிடிக்கும் குறைவாக. வைக்கோலில் சத்துக் குறைவு. அது புல்லுக்கு ஈடாகாது. முயலால் வாந்தியெடுக்க முடியாது என்பதும் நினைவிருக்க வேண்டும். அரை நாள் ஒன்றும் தின்னாமல் மூலையில் குந்தியிருந்தால், 'நாளை பார்க்கலாம்' என்று இராமல் அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். வீட்டிலிருக்கும் மாத்திரையை நாமே கொடுக்கக் கூடாது. நமக்கு நன்மை செய்யும் அமாக்சிசிலின் மருந்து முயலின் வாய்வழிச் சென்றால், குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்களை அழித்து உயிரையே வாங்கிவிடும்.

முயல் ஒரே மூலையில் சிறுநீர் கழிக்கும் பழக்கமுடையது. அந்த மூலையில் பழைய செய்தித்தாள் விரித்த அகலமான பிளாஸ்டிக் தொட்டியை வைத்து, அதன் தலைமாட்டில் புல்லைக் கட்டித் தொங்கவிட்டால், தின்றுகொண்டே காரியத்தை முடித்துக்கொள்ளும். பழகியபின் கூடம் நாறுவதில்லை. மின்கம்பிகளை மட்டும் குழாய்க்குள் செலுத்தி மறைத்துவிட வேண்டும். முயலுக்கு அவை வேர்களாகத் தோன்றும் போலும். பளபளப்பான மொசைக் தரையில் அதன் கால் வழுக்கும். சாக்கோ கயிற்றுப் பாயோ விரிப்பது நலம். காதைப் பிடித்துத் தூக்குவது பெருங்கொடுமை. ஒரு கை நெஞ்சின்கீழும் ஒரு கை பின்புறத்தின்கீழும் கொடுத்துத் தூக்க வேண்டும். இல்லையேல் உதைத்துத் திமிறும் வேகத்தில் அதன் முதுகெலும்பே முறியக்கூடும்.

நிற்க. நம் கட்டுரையின் முக்கியப் பகுதிக்கு வருவோம்.

முயல் கூட்டமாக வாழும் பிராணி. தனி முயல் வாடிப்போகும். ஆனால் கடையிலிருந்து இரண்டை வாங்கி ஒரே கூண்டில் போட்டுவிட்டால் அது நட்பாகாது. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு பெண் குட்டிகளை வளர்த்தார்கள். மூன்று மாதம் வரை ஒன்றின்மேல் ஒன்று படுத்து உறங்கின. நான்காம் மாதம் பருவமெய்தியதும் ஒரே இரவில் எல்லாம் மாறியது. காலையில் ஒன்று செத்துக் கிடந்தது. மற்றதன் இடக் காது கிழிந்து தொங்கியது. அந்த மற்றதுதான் எங்கள் கரிமணி. 'இது கொலைகாரி, இனி வேண்டாம்' என்று அவர்கள் கூறியபோது அம்மா அதைக் கூடையில் எடுத்து வந்துவிட்டார். அது சென்ற ஜூன் மாதம்.

எங்கள் வீட்டிலோ ஏற்கனவே பஞ்சு என்னும் வெள்ளை ஆண்முயல் ஓராண்டாக அரசாண்டு கொண்டிருந்தது. அப்பா ஒரு நிபந்தனை விதித்தார். காலாண்டு விடுமுறைக்குள் இரண்டும் ஒற்றுமையாகாவிட்டால் ஒன்றைக் கொடுத்துவிட வேண்டும் என்றார். முயலைக் கேட்டு வாங்கிச் செல்பவர்களில் பலர் எதற்காக வாங்குகிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. அதைக் கேட்ட தங்கை அன்றிரவு சாப்பிடவில்லை.

முதல் வேலை, இரண்டுக்கும் கருத்தடை அறுவை. இதைப்பற்றிப் பேசக் கூசத் தேவையில்லை. முயலின் சண்டையில் பெரும்பங்கு பருவத்தின் வேகத்தால் வருவது. மேலும் பெண்முயல் 31 நாளில் குட்டிகளை ஈன்று, ஈன்ற அன்றே மீண்டும் சினையாகக் கூடியது. அறுவை செய்யாத பெண்முயல்களில் வயது ஏறஏறக் கருப்பையில் புற்றுநோய் வருவதும் மிகுதி. பஞ்சுவுக்கு முன்பே ஆகியிருந்தது. கரிமணிக்கு ஜூன் இறுதியில் ஆயிற்று. அறுவைக்கு முன் மனிதரைப் போல் முயலைப் பட்டினி போடக் கூடாதென்று மருத்துவர் கூறியது எங்களுக்குப் புதுமையாக இருந்தது. வாந்தியெடுக்க முடியாத பிராணிக்குப் பட்டினி எதற்கு? குடல் ஓடிக்கொண்டிருப்பதே அதற்கு உயிர். அறுவை ஆனாலும் பழைய வேகம் அடங்கச் சில வாரங்கள் ஆகும். ஆண்முயல் அறுவைக்குப் பின்னும் நான்கு முதல் ஆறு வாரம் வரை பெண்முயலைச் சினையாக்கக்கூடும் என்பதால் அதுவரை சேர்க்கவே கூடாது. முயலுக்கு இந்த அறுவையைச் செய்யப் பழகிய மருத்துவர் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. கிடைக்காதவர்கள் கம்பிவலைக்கு இருபுறமும் வைத்தே வளர்க்கலாம். அதுவும் ஒரு துணையே.

ஜூலை முழுவதும் கூடத்தின் நடுவே இரண்டு வரிசைக் கம்பிவலை நின்றது. ஒரே வலையானால் மூக்கையும் கால் விரலையும் கடித்துவிடும். ஆகவே இடையில் ஒரு சாண் இடைவெளி. முயலின் உலகம் மணத்தால் ஆனது. அது மோவாயை நாற்காலிக் காலிலும் கதவிலும் தேய்ப்பது கொஞ்சலன்று. மோவாயின்கீழுள்ள சுரப்பியால் 'இது என்னுடையது' என்று முத்திரை குத்துகிறது. எனவே நாங்கள் நாள்தோறும் ஒன்றின் படுக்கைத் துணியை மற்றதற்கு மாற்றினோம், தொட்டிகளையும் மாற்றினோம். முதலில் பஞ்சு பின்னங்காலால் தரையில் 'டம்' என்று அடித்துத் தன் சினத்தை இரவெல்லாம் தெரிவித்தது. பத்துப் பதினைந்து நாளில் அது நின்றது. பிறகு கீரையை வலைக்கு அருகில் இருபுறமும் வைத்தோம். எதிரெதிரே உட்கார்ந்து தின்னப் பழகின. மாலை ஜெபமாலை நேரத்தில் இரண்டும் வலையின் இரு பக்கமும் கால் நீட்டிப் படுத்திருப்பதைக் கண்டபோதுதான் அடுத்த கட்டத்துக்குத் துணிந்தோம்.

அடுத்தது நேருக்கு நேர் சந்திப்பு. அதற்கு இருவரும் இதுவரை கால் வைக்காத இடம் வேண்டும். சொந்த இடத்தில் எந்த முயலும் விட்டுக்கொடுக்காது. எங்களுக்குக் கிடைத்தது குளியலறை. அதை நன்கு உலரவிட்டு, பழைய ஜமுக்காளம் விரித்தோம். முதல் நாள் ஐந்து நிமிடம் மட்டும். இரண்டும் எதிரெதிர் மூலையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து முகத்தைக் கழுவிக்கொண்டன. ஒன்றையொன்று கவனியாதிருப்பது முயலுலகில் நல்ல சகுனம்! இரண்டாம் நாள் கரிமணி துரத்தியது. வெள்ளை மயிர் கொத்துக்கொத்தாய்ப் பறந்தது. துரத்தலும், மயிரை இழுத்தலும், ஒன்றின்மேல் ஒன்று ஏறித் தலைமையை நாட்டுதலும் அளவோடு இருந்தால் தடுக்க வேண்டியதில்லை. யார் பெரியவர் என்று அவையே முடிவு செய்ய வேண்டும். ஆனால் காது பின்னே படிந்து, வால் விறைத்து, இரண்டும் வட்டமாகச் சுழலத் தொடங்கினால் கண நேரமும் தாமதிக்கக் கூடாது. அப்போது வெறுங்கையை நீட்டினால் கை கிழியும். நாங்கள் பயன்படுத்தியது அம்மாவின் முறம். அதை இடையில் செருகியதும் இரண்டுக்கும் எதிரி மறைந்துவிடுவதால் சண்டை நின்றுவிடும். சிலர் முயல்களை அச்சுறுத்தினால் ஒன்றோடொன்று ஒண்டிக்கொள்ளும் என்று வண்டியில் ஏற்றிக் குலுக்குவதுண்டு. அச்சத்தில் ஒண்டுவது நட்பாகாது. அதிர்ச்சியால் முயல் தின்பதையே நிறுத்திவிடவும் கூடும்.

ஒரு வாரம் சென்றபின் வேடிக்கையொன்று நடந்தது. கரிமணி பஞ்சுவின் முன் வந்து தலையைத் தரையோடு தாழ்த்திக்கொண்டு அசையாமல் இருந்தது. தோழியரே, இது வணக்கமன்று! 'என் நெற்றியை நக்கு' என்னும் கட்டளை. பஞ்சுவும் தலையைத் தாழ்த்திற்று. இரண்டும் நக்கப்படக் காத்திருந்தனவேயன்றி நக்க முன்வருவார் இல்லை. இப்படியே நான்கு நாள். கடைசியில் கரிமணியின் நெற்றியில் சிறிது வாழைப்பழத்தை மசித்துத் தடவினோம். பஞ்சு முகர்ந்தது, நக்கியது. பழம் தீர்ந்த பின்னும் நக்கிக்கொண்டே இருந்தது. கரிமணி கண்ணை மூடிக்கொண்டு பற்களை மெல்ல நறநறவென்று தேய்த்தது. பூனை உறுமுவதைப் போல் அது முயலின் இன்பக் குரல்.

அதன்பின் சந்திப்பு அரை மணியாகி, ஒரு மணியாகி, செப்டம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை முழுவதும் குளியலறையிலேயே கழிந்தது. (வீட்டார் அன்று கிணற்றடியில் குளித்தோம்.) கூடத்தை வினிகர் கலந்த நீரால் துடைத்துப் பழைய மணத்தைப் போக்கி, இரண்டையும் ஒன்றாக விட்டோம். தீவனக் கிண்ணம் இரண்டு, தண்ணீர் இரண்டு, தொட்டி இரண்டு. ஒளியும் அட்டைப் பெட்டிகளில் இரண்டு வாசல் வெட்டினோம். ஒரே வாசலானால் உள்ளே இருப்பது சிறைப்பட்டுப் போகும். காலாண்டு விடுமுறை தொடங்கிய அன்று அப்பா குனிந்து பெட்டிக்குள் பார்த்தார். உள்ளே எது பஞ்சு, எது கரிமணி என்று தலையும் வாலும் தெரியாமல் கிடந்தன. அவர் ஒன்றும் சொல்லாமல் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எல்லா இணைகளும் இப்படிச் சேருமென்று கூறிவிட முடியாது. சில முயல்கள் கடைசிவரை சேர்வதில்லை, அவற்றை வற்புறுத்தலாகாது. கருத்தடை செய்த ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்வது எளிது. இரண்டு பெண் முயல்கள் இடத்துக்காகச் சண்டையிடும்.

சேர்ந்த இணையைப் பிரிப்பது எளிதல்ல, ஆபத்தும்கூட. ஒன்றை மட்டும் மருத்துவமனைக்குக் கொண்டுபோய் வந்தால் அதன் உடலில் மருந்து மணம் ஏறிவிடும். வீட்டிலிருந்தது அதை அயலாளென்று எண்ணித் தாக்கும். பட்ட பாடெல்லாம் வீணாகும். ஒன்று இறக்க நேரிட்டால் மற்றதற்கு உடலைச் சிறிது நேரம் காட்ட வேண்டும். முகர்ந்து பார்த்துத் தெரிந்துகொண்டால் தேடி அலைவது குறையும். முயல் எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டு வரை வாழக் கூடியதாதலால் அந்நாள் தொலைவில் இருக்கட்டும். டிசம்பரில் பஞ்சுவின் கண்ணில் நீர் வடிந்தபோது கரிமணியையும் அதே கூடையில் வைத்தே பஸ்ஸில் கொண்டுபோனோம். மருத்துவர் பஞ்சுவின் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டார்; கரிமணி உடனே அதை நக்கித் துடைத்தது. இரண்டாம் முறை விடும்போது கரிமணியின் தலையைத் தங்கை பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.