பிரஷர் கருவி பீரோ மேல் ஏறாமல் இருக்க

கடலூர் மாவட்டம் சேத்தியாத்தோப்பு பக்கம் பல வீடுகளில் இப்போது ஒரு பி.பி. கருவி இருக்கிறது. சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ மகன் வாங்கி வந்திருப்பார். இல்லையென்றால் சென்னையில் இருக்கும் மகள் ஆன்லைனில் போட்டிருப்பார். முதல் வாரம் தினமும் கையில் பட்டையைக் கட்டிப் பார்ப்பார்கள். அப்புறம் கருவி பீரோ மேல் ஏறிவிடும். இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எடுத்த அளவை யாரிடம் காட்டுவது, காட்டினால் என்ன நடக்கும் என்று அவர்களுக்கு யாருமே சொல்லவில்லை.

அமெரிக்காவில் இதயச் செயலிழப்பு உள்ள 1,653 பேரை வைத்து நடந்த ஆய்வு 2010-இல் வெளிவந்தது. அவர்களில் ஒரு பாதியினர் தினமும் ஒரு எண்ணுக்குப் போன் செய்து, இயந்திரக் குரல் கேட்கும் கேள்விகளுக்குப் பட்டனை அழுத்திப் பதில் சொல்ல வேண்டும். மருத்துவமனையில் அந்தப் பதில்களைப் பார்க்க ஆட்களும் இருந்தார்கள். ஆனாலும் இறப்பு குறையவில்லை, திரும்ப அட்மிட் ஆவதும் குறையவில்லை. 14 சதவீதம் பேர் ஒருமுறைகூட அந்த எண்ணைத் தொடவே இல்லை. ஜெர்மனியில் 1,571 பேரை வைத்து நடந்து 2018-இல் வெளிவந்த ஆய்வில் இறப்பு குறைந்தது. அங்கே இரவு பகலாக டாக்டரும் நர்சும் உட்கார்ந்து அளவுகளைப் பார்த்தார்கள், தேவைப்பட்டால் கூப்பிட்டுப் பேசினார்கள். இந்த வித்தியாசத்துக்குக் காரணங்கள் பல இருக்கலாம். நோயாளிக்குப் பதில் சொல்ல ஆள் இருந்ததுதான் முக்கியமான காரணம் என்பது என் கணிப்பு.

நமக்கு அந்த ஆள் ஊருக்குள்ளேயே இருக்கிறார். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிறார், மாத்திரையும் தருகிறார். அவர் வராத நாட்களில் என்ன செய்வது என்பதற்குத்தான் கீழே உள்ளவை.

செய்ய வேண்டியவை

• ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். வயலிலிருந்து வந்த கையோடு, டீ குடித்த கையோடு, வெற்றிலைப் புகையிலை போட்ட வாயோடு பார்க்க வேண்டாம். அரை மணி நேரம் போகட்டும். சிறுநீரை அடக்கிக்கொண்டும் பார்க்கக்கூடாது. முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் இரண்டும் தரையில் பதிந்திருக்க வேண்டும், கை நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலியைச் சாப்பாட்டு மேசை அருகே இழுத்துப் போட்டால் போதும். மேசை இல்லாத வீட்டில் தலையணையை மடித்துக் கைக்கு அடியில் வையுங்கள். பட்டை வெறும் கையில் இருக்கட்டும், ரவிக்கைக் கை மேலோ சட்டை மேலோ வேண்டாம்.

• காலையில் இரண்டு முறை, மாலையில் இரண்டு முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நிமிடம் விட்டுப் பாருங்கள். டாக்டரிடம் போவதற்கு முந்தைய ஏழு நாள் இப்படிச் செய்து, முதல் நாள் கணக்கை விட்டுவிட்டு மற்றதற்குச் சராசரி போடுங்கள். ஆஸ்பத்திரியில் 140/90 என்பது எல்லை என்றால் வீட்டில் 135/85. இந்த ஐந்து புள்ளி வித்தியாசம் தெரியாமல், “வீட்டுல 138தான் வருது, நார்மல்” என்று நிம்மதியாக இருப்பவர்கள் நிறைய.

• வந்த எண்ணை வந்தபடி எழுதுங்கள். 162 வந்தால் 162. நல்லதாக வந்ததை மட்டும் நோட்டில் ஏற்றி, கூடுதலாக வந்ததை “மெஷின் சரியில்ல” என்று தள்ளுவது மனித இயல்புதான். ஆனால் டாக்டர் மாத்திரை அளவை முடிவு செய்வது அந்த நோட்டைப் பார்த்து.

• நோட்டோடு உங்கள் கேள்வியையும் கொண்டுபோங்கள். “மாத்திரை போட்டா தலை சுத்துது, அதனால ஞாயித்துக்கிழமை போடறதில்ல” என்பதைச் சொல்ல வெட்கப்படாதீர்கள். பிரிட்டனில் 1,182 பேரை வைத்து நடந்து 2018-இல் வெளிவந்த ஆய்வில், வீட்டில் தாங்களே அளந்த அளவை வைத்து டாக்டர் மருந்தைக் கூட்டிக் குறைத்தவர்களுக்கு ஒரு வருடத்தில் மேல் அளவு சராசரியாக 136-137 ஆனது. வழக்கமான முறையில் போனவர்களுக்கு 140. எண் டாக்டர் கைக்குப் போனதும், அதை வைத்து அவர் மருந்தை மாற்றியதும்தான் பலன்.

• சுகர் பார்க்கும் முன் கையைக் கழுவுங்கள். பண்ருட்டி இருக்கும் நம் மாவட்டக்காரர்களுக்கு இதைத் தனியாகவே சொல்ல வேண்டும். பலாச்சுளை எடுத்த விரலில் குத்தினால் விரலில் ஒட்டிய சர்க்கரையும் சேர்ந்து கணக்கில் வரும். ஜப்பானில் நடந்து 2011-இல் வெளிவந்த ஆய்வில் ஆரஞ்சு, திராட்சை, கிவி பழங்களை உரிக்கச் சொல்லிச் சோதித்தார்கள்: ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தும் அளவு பொய்யாகவே ஏறியது, குழாய்த் தண்ணீரில் கழுவியதும் சரியாக வந்தது.

• இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் காலையில் கழிவறை போய் வந்து, சாப்பிடும் முன் எடை பாருங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் உடம்பில் நீர் சேர்கிறது என்று கொள்ளலாம். கால் வீங்கட்டும் என்று காத்திராமல் டாக்டரிடம் பேசுங்கள்.

• ஐப்பசி பிறக்கும் முன் மாத்திரை, ஸ்ட்ரிப், பேட்டரி எல்லாம் கையிருப்பில் இருக்கட்டும். 2011 டிசம்பர் 30-இல் வந்த தானே புயலுக்குப் பிறகு இந்த மாவட்டத்தில் எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம் என்பது மறந்திருக்காது. சுவரில் சொருகினால் மட்டும் ஓடும் கருவியை வாங்காதீர்கள்.

செய்யக்கூடாதவை

• எண்ணைப் பார்த்து மாத்திரையை நீங்களே கூட்டவோ நிறுத்தவோ கூடாது. 180/120-க்கு மேல் வந்தால் ஐந்து நிமிடம் உட்கார்ந்து மறுபடி பாருங்கள். மறுபடியும் அப்படியே இருந்தால் அன்றே டாக்டரிடம் பேசுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுதல், ஒரு பக்கம் கைகால் விழுதல், பேச்சு குழறுதல் இருந்தால் இரண்டாவது முறை பார்க்கவே வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

• மணிக்கட்டில் கட்டும் கருவியை நம்ப வேண்டாம். மேல் கைப் பட்டையும் கைக்குத் தக்கதாக இருக்க வேண்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் பிரஷர் கூடுதலாகக் காட்டும்.

• ஒரே ஊசியில் வீட்டில் எல்லோரும் சுகர் பார்ப்பது கூடவே கூடாது. மஞ்சள் காமாலைக் கிருமி அப்படித்தான் வீட்டுக்குள் சுற்றும்.

• ஆக்சிமீட்டர் 96 காட்டுகிறது என்பதற்காக மூச்சு வாங்குவதை அலட்சியம் செய்யாதீர்கள். கறுத்த தோலில் இந்தக் கருவி சில நேரம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும் என்று 2020-இல் அமெரிக்காவில் கண்டார்கள். நகப்பூச்சும் சில்லிட்ட விரலும் கணக்கைக் கெடுக்கும்.

• வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அப்பாவின் பிரஷரை வாட்ஸ்அப் குடும்பக் குரூப்பில் போட்டு, அத்தை ஒரு கஷாயம், சித்தப்பா ஒரு மாத்திரை என்று யோசனை கேட்காதீர்கள். “ஏம்ப்பா இவ்ளோ ஏறிச்சு, ஊறுகா சாப்ட்டீங்களா?” என்று போனில் மிரட்டினால் அடுத்த நாள் அவர் சொல்லும் எண் 130 ஆகத்தான் இருக்கும்.

ஆராய்ச்சிக்காரர்கள் வந்தால்

சிதம்பரத்து மருத்துவக் கல்லூரியிலிருந்தோ வேறெங்கிருந்தோ ஆய்வுக்கென்று கருவியோடு வந்தால் கதவைச் சாத்த வேண்டியதில்லை. நம் உடம்பைப் பற்றிய ஆராய்ச்சி நம்மை வைத்து நடப்பது நல்லது. ஆனால் எந்த நேரத்தில் அளப்பது, எந்த மொழியில் செயலி பேசுவது என்பதெல்லாம் முடிவான பிறகு கையெழுத்துக்கு மட்டும் நம்மிடம் வந்தால் அந்த ஆய்வு தடுமாறும். காலை ஒன்பது மணிக்கு அளவு அனுப்பச் சொல்கிறார்கள் என்று வையுங்கள். நடவுக்குப் போன பெண் அந்நேரம் சேற்றில் நிற்பாள். கரும்பு வெட்டப் போனவர் போனை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருப்பார். இதையெல்லாம் ஆய்வு தொடங்கும் முன்பே இவர்களை உட்கார வைத்துக் கேட்பதற்குப் பெயர்தான் நோயாளி பங்கேற்பு. கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள்.

தமிழில் எழுதிய தகவல் தாளைக் கேட்டு வாங்குங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால் சாட்சி ஒருவர் இருக்கும்போது படித்துக் காட்டச் சொல்லுங்கள். அளவுகள் எங்கே போகின்றன, யார் பார்க்கிறார்கள், இரவில் அளவு எகிறினால் யார் கூப்பிடுவார்கள், ஆய்வு முடிந்ததும் கருவி யாருடையது, முடிவை நம் ஊரில் வந்து சொல்வீர்களா என்று கேளுங்கள். இந்தியாவில் மருந்து, சிகிச்சை ஆய்வுகளைப் பதிவு செய்ய 2007 முதல் தேசியப் பதிவேடு இருக்கிறது. பதிவு எண் உண்டா என்றும் கேட்கலாம். ஆய்வுக்கு வந்த இளம் டாக்டருக்கு இந்தக் கேள்விகளால் கோபம் வந்தால் வரட்டும்.

சேர்ந்த பிறகு பிடிக்கவில்லை என்றால் எந்த நாளிலும் விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. விலகினால் வழக்கமான மாத்திரையோ சிகிச்சையோ நிற்கக்கூடாது என்பது விதி. நிறுத்துவோம் என்று யாராவது சொன்னால், தகவல் தாளில் நெறிமுறைக் குழுவின் தொடர்பு எண் இருக்கும். அங்கே கூப்பிட்டுச் சொல்லுங்கள்.