கருணாபுரத்திலிருந்து கவுன்சிலிங் படிக்கக் கிளம்புகிறவர்களுக்கு

2024 ஜூன் 18 இரவிலிருந்து கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக விழுந்தார்கள். அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தாய், தகப்பன் இருவரையுமே பறிகொடுத்த பிள்ளைகள் உண்டு. அந்த ஆண்டு கல்லூரியில் கால் வைத்தவர்களுக்கு இளங்கலை முடியும் காலம் நெருங்குகிறது. அந்தத் தெருவிலிருந்தோ, மேலே கல்வராயன் மலையிலிருந்தோ ஒருவர் மனநல ஆலோசகராகப் படித்து வந்தால், வெளியூர்க்காரர் எவராலும் செய்ய முடியாததைச் செய்வார் என்று நம்புகிறேன். அப்படி நினைக்கும் தம்பி, தங்கைகளுக்காக இது.

செய்ய வேண்டியவை

வீட்டில் முதலில் விளக்கிச் சொல்லுங்கள். நம் பக்கம் கவுன்சிலிங் என்றால் பிளஸ் டூ முடித்ததும் கல்லூரி சீட்டுக்காகப் போவது. இது இரண்டு வருட முதுகலைப் படிப்பு, பிறர் துயரத்தைக் கேட்கவும் தாங்கவும் சொல்லித் தரும் படிப்பு என்று அம்மாவுக்குப் புரியவேண்டும்.

ஆறாவது செமஸ்டர் நடக்கும்போதே விண்ணப்பியுங்கள். ரிசல்ட் வரட்டும் என்று உட்கார்ந்தால் ஓர் ஆண்டு போய்விடும். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சேர சியுஇடி பி.ஜி. தேர்வு எழுதவேண்டும், கடைசி ஆண்டு மாணவர்களும் எழுதலாம். தேர்வு பெரும்பாலும் மார்ச்சில் வரும், விண்ணப்பம் அதற்கு முன்பே மூடிவிடும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆலோசனை உளவியலுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. சேலத்துப் பெரியார் பல்கலைக்கழகத்திலும் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் உளவியல் துறைகள் உண்டு. பஸ் ஏறிப் போய் நேரில் விசாரித்துவிட்டு வரலாம். எந்தப் பட்டம் படித்தவரையும் சேர்க்கும் இடங்கள் இருக்கின்றன, உளவியல் பட்டம்தான் வேண்டும் என்கிற இடங்களும் இருக்கின்றன. நீங்கள் தமிழோ வணிகவியலோ படித்தவர் என்றால் முதலில் கேட்கவேண்டிய கேள்வி அதுதான்.

அரியரை முடியுங்கள். கடைசி ஆண்டு மாணவரைத் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டாலும், குறித்த தேதிக்குள் பட்டச் சான்று தராவிட்டால் அந்த இடம் கையை விட்டுப் போகும். ஒரு தாள் நின்றாலும் கதை அதுதான்.

பணக் கணக்கை இப்போதே போடுங்கள். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் வரும் 1,000 ரூபாய் இளங்கலையோடு நின்றுவிடும். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை முதுகலைக்கும் உண்டு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருக்கவேண்டும். மலையிலிருந்து வருபவர்கள் பழங்குடிச் சாதிச் சான்றை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே வாங்கிவிடவேண்டும். சேர்க்கை நேரத்தில் வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகத் திரும்பத் திரும்ப இறங்கி வந்துகொண்டிருக்க முடியாது.

குடிநோயைப் பற்றிப் படியுங்கள். நம் மாவட்டத்தில் வேலை செய்யப்போகிற ஆலோசகருக்கு இதுவே முதல் பாடம். மெத்தனால் ஈரலில் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைச் சிதைக்கிறது. பிழைத்தவர் பார்வையை இழக்கலாம். அவருக்கும் அவர் மனைவிக்கும் தேவைப்படுகிற ஆலோசனை, இறந்தவர் வீட்டுக்குத் தேவைப்படுவதிலிருந்து வேறு. சாந்தி ரங்கநாதனின் வாழ்க்கையைத் தேடிப் படியுங்கள். கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். அந்தத் துக்கத்தோடு முறையாகப் பயிற்சி பெற்று, 1980இல் சென்னையில் குடிநோய் மறுவாழ்வுக்கான டி.டி. ரங்கநாதன் ஆய்வு மையத்தைத் தொடங்கினார். துக்கம் அவரை இந்த வழிக்குக் கொண்டுவந்தது. நோயாளி முன்னால் உட்காரும் தகுதியைத் தந்தது பயிற்சி.

உங்கள் சொந்தத் துக்கத்தை யாரிடமாவது சொல்லி அழுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். ஆலோசகராகப் போகிறவர் ஆலோசனை கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

செய்யக்கூடாதவை

‘ஒரே நேரத்தில் இரண்டு படிப்பு’ என்பதைத் தப்பாகப் புரிந்துகொள்ளாதீர்கள். 2022 ஏப்ரலில் யுஜிசி அதற்கு அனுமதி தந்தது உண்மை. ஆனால் முதுகலையில் சேர இளங்கலை முடித்திருக்கவேண்டும் என்ற தகுதி அப்படியே இருக்கிறது. இளங்கலையோடு சேர்த்து ஒரு சான்றிதழ்ப் படிப்பையோ ஸ்வயம் தளத்தில் இலவச உளவியல் பாடத்தையோ படிக்கலாம்.

தொலைதூரக் கல்வியில் உளவியல் என்று யாராவது சொன்னால் பணம் கட்டாதீர்கள். 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியலைத் தொலைதூர வழியிலோ ஆன்லைனிலோ நடத்த யுஜிசி தடை விதித்துவிட்டது. சரியான முடிவு என்பேன். எதிரில் இருப்பவர் பேச்சை நிறுத்தும்போது காத்திருக்கத் தெரிவதைத் தபாலில் கற்க முடியாது.

பெயருக்கு முன்னால் இல்லாத தகுதியைப் போடாதீர்கள். ‘மருத்துவ உளவியலாளர்’ என்று சொல்லிக்கொள்ள இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு வேண்டும். ஆலோசனை உளவியல் முதுகலை அதைத் தராது.

நேர்முகத்தில் பக்கத்து வீட்டுச் சாவைச் சொல்லாதீர்கள். ஏன் இந்தப் படிப்பு என்று கேட்பார்கள். உங்கள் வீட்டில் நடந்தது உங்களுடையது, மனம் இருந்தால் சொல்லலாம். அடுத்த வீட்டு அக்கா உங்களிடம் அழுதது அவருடையது. புராஜெக்ட்டுக்கும் இதே விதிதான். கேமராவும் மைக்கும் அந்த மக்கள் முகத்துக்கு முன்னால் போதுமான அளவு நீட்டப்பட்டுவிட்டன.

கருணாபுரத்துப் பேச்சு வெள்ளிமலையில் செல்லும் என்று நினைக்காதீர்கள். மலையாளிப் பழங்குடியினர் கீழே இருந்து வருகிற எவரையும் கவனித்துப் பார்த்துத்தான் பேசுவார்கள். காய்ச்சும் மலை என்றே பெயர் வாங்கிய ஊர்களில், சாராயத்தைப் பற்றிக் கேட்கிறவர் போலீஸா என்ற சந்தேகம்தான் முதலில் வரும்.

தெருவைப் பயிற்சிக் களமாக்காதீர்கள். இதுதான் எல்லாவற்றிலும் கடினம். நீங்கள் சேர்ந்துவிட்ட செய்தி பரவியதும் யாராவது வாசலில் வந்து நிற்பார்: “நீதான் படிச்ச புள்ளையாச்சே, என் மவன் மறுபடியும் குடிக்கிறான், ஒரு வார்த்தை சொல்லேன்.” மறுக்க மனசு வராது. ஆனால் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் ரகசியம் என்று ஒன்றைக் காப்பது எப்படி? அந்த மகன் உங்களோடு கோலி விளையாடியவன். தன் அவமானம் இப்போது உங்களுக்குத் தெரியும் என்ற நினைப்பே நாளை அவனை உங்கள் வீட்டு வாசலைத் தவிர்க்க வைக்கும். அவன் ‘சாகணும்போல இருக்கு’ என்று சொல்லிவிட்டால், தனியாக அதைச் சுமக்க உங்களுக்கு இன்னும் பயிற்சி இல்லை. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியமும் செய்யாதீர்கள்.

அந்த அம்மாவை உட்காரச் சொல்லுங்கள். முழுவதும் கேளுங்கள், தண்ணீர் கொடுங்கள். பிறகு, “சிறுவங்கூர் பெரியாஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கும்மா, அண்ணனைக் கூட்டிக்கிட்டு வாங்க, பஸ்ஸுல நானும் கூட வர்றேன்” என்று சொல்லுங்கள். சொன்ன நாளில் போங்கள்.