மலைச்சரிவும் மழைநீரும்
(மாணவர்களுக்கான அறிவியல் பாடம்)

மலையும் மழையும் மலையக மக்களின் வாழ்வோடு பின்னிப் பிணைந்தவை. நமுனுகுல மலையைப் பார்த்து வாழும் பசறை மக்களுக்கு இதனைப் புதிதாகக் கூற வேண்டியதில்லை. மாணவர்கள் வகுப்பில் கற்கும் புவியீர்ப்பு, உராய்வு, அமுக்கம் ஆகிய மூன்றும் லயத்துக்குப் பின்னால் உள்ள மண்மேட்டில் எந்நாளும் தொழிற்படுகின்றன. மண்சரிவு என்பது இம்மூன்றின் கணக்கு பிழைத்துப் போவதே ஆகும்.

மண் நிற்பது எவ்வாறு?

ஒரு பலகையில் கல்லொன்றை வைத்துப் பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். சிறிது சாய்வு வரை கல் நகராது. புவியீர்ப்பு கீழே இழுக்க, உராய்வு தடுத்து நிற்கிறது. சாய்வு கூடினால் இழுக்கும் விசை வென்றுவிடும். மலைச்சரிவில் மண்ணும் இப்படித்தான் நிற்கிறது. வீடு கட்டுவதற்காக மலையின் அடியைச் செங்குத்தாக வெட்டும்போது, மேலே உள்ள மண்ணுக்கு இருந்த தாங்கலை நாமே அகற்றுகிறோம்.

நீர் செய்யும் வேலை

பூசைக்கு மஞ்சளில் பிள்ளையார் பிடிப்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். உலர்ந்த மஞ்சள் தூள் உருவம் பெறாது. அளவாக நீர் தெளித்தால் கெட்டியாக நிற்கும். நீர் அதிகமானால் குழம்பாகி வழிந்துவிடும். மண்ணும் அவ்வாறே. சிறிதளவு ஈரம் துணிக்கைகளைப் பிணைக்கும். இடைவெளிகள் முழுவதும் நிரம்பினால், நீரின் அமுக்கம் துணிக்கைகளை ஒன்றிலிருந்து ஒன்று தள்ளும். அப்போது உராய்வு குறைந்து விடுகிறது.

நீரின் நிறையையும் கணக்கிடுங்கள். ஒரு சதுர மீற்றர் நிலத்தில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் அது 1 லீற்றர், அதாவது 1 கிலோகிராம். 100 மில்லிமீற்றர் மழை ஓர் ஏக்கரில் ஏறத்தாழ 400 தொன் நீரைக் கொட்டுகிறது. கான்கள் துப்புரவாக இருந்தால் அதில் பெரும்பகுதி வழிந்தோடும். கான்கள் அடைபட்டால் மண்ணுக்குள் இறங்கும். இறங்கும் நீர் அடியிலுள்ள கடும்பாறையில் தடைப்பட்டுத் தேங்குவதால், பாறைக்கு மேலுள்ள மண் வழுக்கத் தொடங்குகிறது. நீர் மெதுவாக இறங்குவதால், மழை விட்ட பின்னரும் மலை சரியக்கூடும்.

மீரியபெத்த தந்த பாடம்

பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 காலை மலை சரிந்து லயங்களை மூடியது. முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர் அல்லது காணாமற் போயினர். அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. அறிவு இருந்தது. ஆனால் மக்கள் குடிபெயர மாற்றிடம் உரிய காலத்தில் கிடைக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின் மழை பதுளை மாவட்டத்தில் மீண்டும் பல உயிர்களைப் பறித்தது.

நினைவில் வைக்க வேண்டிய அளவுகள்

24 மணித்தியாலத்தில் பெய்யும் மழையை வைத்துத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கை விடுக்கிறது.

75 மில்லிமீற்றர்: விழிப்பாக இருத்தல்.
100 மில்லிமீற்றர்: வெளியேற ஆயத்தமாதல்.
150 மில்லிமீற்றர், அல்லது ஒரு மணித்தியாலத்தில் 75: உடன் வெளியேறல்.

அடியும் வாயும் ஒரே அகலமுள்ள தகரப் பேணியொன்றைத் திறந்த வெளியில் வைத்து, தேங்கிய நீரின் உயரத்தை அடிமட்டத்தால் அளந்தால் மழையின் அளவு தெரியும். இதனை ஒரு மாணவரே செய்யலாம்.

நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு, சாயும் மரங்களும் கம்பங்களும், இறுகித் திறக்க முடியாத கதவு, திடீரெனத் தோன்றும் ஊற்று, பீலித் தண்ணீர் கலங்குதல் அல்லது நின்றுபோதல் ஆகியவை மலை தரும் அறிகுறிகள். இவற்றைக் கண்டால் அளவு பார்த்துக் காத்திராது வெளியேற வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அறிவிக்கவும் வேண்டும்.

மாணவச் செல்வங்களே! இப்பாடத்தைப் பரீட்சைக்காக மட்டும் படிக்காதீர்கள். இன்றிரவே வீட்டிலுள்ள பெரியவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். மழை இரவில் எங்கே போவது என்பதையும் குடும்பமாக இப்போதே முடிவு செய்யுங்கள். வீட்டையும் பொருளையும் மீண்டும் தேடிக்கொள்ளலாம். உயிரைத் தேடிக்கொள்ள முடியாது.