போன் கையில் இருந்தால் போதுமா? பெரியவர்களுக்குச் சொல்லிக் கொடுப்போம்

(இந்த மாதப் பாடம்: குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டுப் பேசவும்)



முதலில் என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் ஊர் புவனகிரி பக்கம். என் மாமியாருக்கு வயது 67. பிரஷருக்குத் தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர். பேரன் முகத்தைப் பார்த்துப் பேசட்டுமே என்று நான்தான் டச் போன் வாங்கிக் கொடுத்தேன். வீடியோ பார்க்கவும் பழக்கிவிட்டேன். அத்தைக்கு ஒரே சந்தோஷம்.

ஒருநாள் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. "இந்தக் கஷாயத்தைக் குடித்தால் பிரஷர் மாத்திரையே வேண்டாம்" என்று ஒருவர் கணீரென்று பேசினார். அனுப்பியது அத்தையின் தம்பி மகன். நல்ல பையன். அத்தை நம்பிவிட்டார். யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். பன்னிரண்டு நாள் கழித்துத் தலை சுற்றி அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வீடு தேடி வந்து பிரஷர் பார்க்கும் தன்னார்வலர் அன்றைக்கு வந்தது எங்கள் அதிர்ஷ்டம். பார்த்தால் 190! உடனே சிதம்பரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். பிழைத்துக் கொண்டார்.

தப்பு யார் மேல்? என் மேல்தான். போனைத் திறக்கச் சொல்லிக் கொடுத்தேன். அதில் வருவதைச் சந்தேகப்படச் சொல்லிக் கொடுக்கவில்லை.

பெரியவர்களுக்கு யார் சொல்லிக் கொடுப்பது?

கிராமத்து மக்கள் கணினி, போன் பழக மத்திய அரசு 2017-ல் ஒரு டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டம் கொண்டுவந்தது. அதில் சேர வயது 14 முதல் 60 வரைதான். அந்தத் திட்டமும் 2024 மார்ச்சோடு முடிந்துவிட்டது. மாத்திரையும் மருத்துவமனையும் அதிகம் தேவைப்படும் வயதுக்காரர்களுக்கு அங்கே இடமே இல்லை.

2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். அந்தத் தன்னார்வலர்களில் நிறையப் பேர் நம்மைப் போன்ற மகளிர் குழுக்காரர்கள்தான். ஆனால் அவர் வந்து போன பிறகு மீதி நாளெல்லாம் பெரியவர் கையில் இருப்பது போன்தான். ஆகவே சொல்லிக் கொடுக்க வேண்டியவர்கள் மகள்களும் மருமகள்களுமாகிய நாம்தான்.

நல்லவாடு சொல்லும் பாடம்

நம் கடலூருக்கு வடக்கே, புதுவைக் கரையில் நல்லவாடு என்ற மீனவர் ஊர். டாக்டர் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுவைக் கிராமங்களில் தகவல் மையங்களை ஏற்படுத்தியது. மீனவர் ஊர் மையங்களில் அலை எவ்வளவு உயரம் என்பதைக் கணினியில் பார்த்து ஒலிபெருக்கியில் சொல்வார்கள்.

2004 டிசம்பர் 26. சிங்கப்பூரில் இருந்த அவ்வூர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் பூகம்பச் செய்தி பார்த்து ஊருக்குப் போன் செய்தார். இங்கே கடல் தண்ணீர் ஊருக்குள் வருகிறது என்றார்கள். உடனே வெளியேறச் சொன்னார். மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஊரே எழுந்து ஓடித் தப்பியது. அதே நாளில் நம் மாவட்டக் கரையில் பல நூறு உயிர்கள் போனதை நாம் மறக்க முடியாது.

அந்தச் செய்தியை ஏன் நம்பினார்கள்? சொன்னவர் யார் என்று தெரியும். அவருக்கு அது எப்படித் தெரிந்தது என்பதும் தெரியும். கண்ணெதிரே தண்ணீரும் வந்தது. அத்தைக்கு வந்த வீடியோவில் அனுப்பியவரைத்தான் தெரியும். பேசியவர் யார் என்று அந்தப் பையனுக்கே தெரியாது. அனுப்பியவர் வேறு, சொன்னவர் வேறு. இதைத்தான் முதலில் புரியவைக்க வேண்டும்.

எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

1. முதலில் எழுத்தைப் பெரிதாக்குங்கள், சத்தத்தைக் கூட்டுங்கள். கண்ணாடி இருந்தால் போடச் சொல்லுங்கள். கண் தெரியாததையும் காது கேட்காததையும் நாம் 'புரியலை' என்று நினைத்துக் கொள்கிறோம்.

2. போன் அவர் கையிலேயே இருக்கட்டும். "குடுங்க, நான் பண்ணித் தர்றேன்" என்று பிடுங்கினால் அவர் கற்றுக்கொள்ள மாட்டார்.

3. தொடுவதைப் பழக்குங்கள். பெரியவர்கள் பட்டன் போல அழுத்திப் பிடிப்பார்கள். அப்போது வேறு எதுவோ திறக்கும், பயந்து விடுவார்கள். "பொட்டு வைக்கிற மாதிரி தொட்டு எடுங்க, மாவு பிசையுற மாதிரி அழுத்தாதீங்க" என்று சொன்னேன். அத்தைக்கு அன்றைக்கே பிடிபட்டுவிட்டது.

4. ஒரு நாளைக்கு ஒரே ஒரு விஷயம். மறுநாள் "நீங்க எனக்குச் சொல்லிக் கொடுங்க பார்ப்போம்" என்று கேளுங்கள். மறந்திருந்தால் கோபப்படாதீர்கள். கைநாட்டு வைத்தவர்கள் கையெழுத்துப் போட நம் குழுவில் எத்தனை நாள் ஆனது!

எதையெல்லாம் சொல்லிக் கொடுப்பது?

*கூப்பிட:* அவசரத்துக்கு 108. உடம்பு பற்றிச் சந்தேகம் கேட்க 104. முதியோர் உதவிக்கு 14567. இவற்றையும், மகன் அல்லது மகள் எண்ணையும் படத்தோடு போனில் பதிந்து வையுங்கள். பட்டன் போனிலும் இந்த எண்களைக் கூப்பிடலாம். டச் போன் இல்லையே என்று கவலை வேண்டாம். நெஞ்சு வலி, வாய் கோணுதல், ஒரு பக்கம் கை கால் விழுதல் என்றால் வீடியோ தேடக் கூடாது. நேராக 108.

*பத்திரப்படுத்த:* மாத்திரை அட்டை, டாக்டர் சீட்டு, காப்பீட்டு அட்டை மூன்றையும் படம் எடுக்கப் பழக்குங்கள். மாத்திரைப் பெயரும் காலாவதித் தேதியும் படத்தில் தெரிய வேண்டும். ஆஸ்பத்திரியில் "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்றால் "வெள்ளை மாத்திரை" என்று சொல்லாமல் படத்தைக் காட்டலாம்.

*சந்தேகப்பட:* உடம்பு பற்றி எந்தச் செய்தி வந்தாலும் மூன்று கேள்வி.
- சொன்னது யார்? அனுப்பியவர் அல்ல, சொன்னவர்.
- எதையாவது விற்கப் பார்க்கிறாரா?
- நம் டாக்டரும் நர்சம்மாவும் இதற்கு என்ன சொல்கிறார்கள்?

மூன்றுக்கும் பதில் தெரியும்வரை மற்றவருக்கு அனுப்பக் கூடாது. செய்தியைக் கேட்டு மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. பிரஷர் மாத்திரையைத் தன்னிஷ்டத்துக்கு நிறுத்தினால் பக்கவாதம் வரை போகலாம்.

*காத்துக்கொள்ள:* "காப்பீட்டு அட்டை புதுப்பிக்கணும், ஓ.டி.பி. சொல்லுங்க" என்று யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்குக் கூப்பிட வேண்டும்.

இப்போது என் மாமியார் எப்படி இருக்கிறார் தெரியுமா? போன வாரம் அதே சொந்தக்காரர்கள் குழுவில் சுகருக்கு ஒரு வைத்தியம் வந்தது. அத்தை மைக் பட்டனைத் தொட்டுத் தன் குரலிலேயே பதில் அனுப்பினார்: "ஏன்டா தம்பி, இதைச் சொன்ன டாக்டர் யாரு? பேரைச் சொல்லு." இதுவரை பதில் இல்லை!

கூட்டத்தில் பேசுவோம்

- நம் வீட்டில், தெருவில் போன் வைத்திருக்கும் பெரியவர்கள் எத்தனை பேர்? யாராவது செய்தியைப் பார்த்து மாத்திரையை நிறுத்தியிருக்கிறார்களா?
- தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு யார் போய்ச் சொல்லிக் கொடுப்பது?

தீர்மானம் போடுவோம்

ஒவ்வொரு உறுப்பினரும் இந்த மாதம் ஒரு பெரியவருக்குக் கூப்பிட, பத்திரப்படுத்த, சந்தேகப்பட, காத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுப்பது. அடுத்த கூட்டத்தில் அந்தப் பெரியவரையே அழைத்து வந்து செய்து காட்டச் சொல்வது. தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், சகோதரிகளே!