ஆங்கிலத் துணைவினையும் அதன் அயற்சொற்களும்

'ஹி மஸ்ற் பி அற் ஹோம்' என்பது ஐந்தே சொற்களாலாகிய ஆங்கில வாக்கியம். எட்டாந்தரத்து மாணாக்கனும் அவற்றின் பொருளைத் தனித்தனியே சொல்லிவிடுவான். ஆயின், வாக்கியத்தின் பொருள் யாது? 'அவன் வீட்டில் இருத்தல் வேண்டும், அஃது அவன் கடமை' என்பதா? 'அவன் வீட்டில் இருக்கிறான் போலும்' என்னும் ஊகமா? இவ்வளவில் நிறுத்தினால் ஆங்கிலேயனுக்கும் துணிந்து கூறல் அரிது. ஈற்றிலே 'பை சிக்ஸ்' என இரண்டு சிறு சொற்களைக் கூட்டுக. ஆறு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் எனக் கட்டளையாகிவிடுகிறது. அவற்றை நீக்கி 'பை நவ்' எனக் கூட்டுக. இந்நேரம் வீடு போய்ச் சேர்ந்திருப்பான் என ஊகமாகிவிடுகிறது. 'மஸ்ற்' என்னும் துணைவினையில் ஓரெழுத்தும் மாறவில்லை. கடைசியில் நின்ற ஒரு சொல் மாறியது, வாக்கியமே வேறாயிற்று.

தமிழாசிரியனுக்கு ஆங்கில இலக்கணத்திலே என்ன அலுவல் என்று ஆங்கில ஆசிரிய நண்பர்கள் முறுவலிக்கக்கூடும். அவர்களுடைய காணியில் வேலி நகர்த்த நான் வரவில்லை. நம் மாணாக்கர் ஆங்கிலத்தில் இடறும் இடங்கள் பலவற்றிற்குக் காரணம் தமிழில் இருக்கிறது. அவற்றைத் தீர்க்கும் வழியும் தமிழிலேயே இருக்கிறது. அதனைச் சொல்லுதல் தமிழாசிரியனுக்கும் உரியதே. அன்றியும், 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தம் ஆங்கிலத்தை இந்நாட்டின் இணைப்பு மொழி ஆக்கியது. வங்கியிலிருந்தும் பல்கலைக்கழகத்திலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வரும் கடிதங்கள் பலவற்றை ஆங்கிலத்திலேயே படிக்கவேண்டியிருக்கிறது. ஆங்கிலச் சொற்களை அவற்றின் ஒலி நோக்கித் தமிழெழுத்தாலேயே இங்கு எழுதுகிறேன். வாய்விட்டுப் படிப்பின் விளங்கும்.

'கான்', 'குட்', 'மே', 'மைற்', 'மஸ்ற்', 'ஷல்', 'ஷுட்', 'வில்', 'வுட்' என்பன ஆற்றல், இசைவு, கடமை, ஐயம், துணிபு ஆகியவற்றை உணர்த்தும் துணைவினைகள். நாம் இவற்றைக் கற்பிக்கும் முறை ஒரு பட்டியலே. 'கான்' என்றால் முடியும், 'மே' என்றால் ஆம், 'மஸ்ற்' என்றால் வேண்டும் என்று கரும்பலகையில் எழுதிப் போடுகிறோம். பட்டியலில் பிழை இல்லை. ஆனால் துணைவினை வாக்கியத்தில் தனியே வாழ்வதில்லை. அதன் அயலிலே ஒரு வினையடையோ முன்னிடைச்சொல்லோ வந்து அமரும்போதுதான் அதன் கருத்து நிலைபெறுகிறது.

தமிழில் இது நிகழவில்லையா? 'ஆறு மணிக்குள் அவன் வீட்டில் இருக்கவேண்டும்' என்றால் கட்டளை. 'இந்நேரம் அவன் வீட்டில் இருக்கவேண்டும்' என்றால் ஊகம். 'வேண்டும்' என்பது ஒன்றே. நம் வீட்டுக் குழந்தையும் இவ்விரண்டையும் மயங்காமல் அறிந்துகொள்கிறது. அதே குழந்தை வளர்ந்து ஆங்கிலம் படிக்கும்போது ஏன் மயங்குகிறது?

சொற்கள் நிற்கும் வரிசையே காரணம் என்பது என் கருத்து. தமிழில் 'இந்நேரம்' முன்னே வருகிறது. 'வேண்டும்' இறுதியில் வருகிறது. சாட்சிகள் எல்லாரும் பேசி முடித்தபின் தீர்ப்பு வருவது போல, துணைவினையைக் கேட்பதற்கு முன்னரே அது எப்பொருளில் வரும் என்பதை மனம் அறிந்துவிடுகிறது. ஆங்கிலத்திலோ துணைவினை எழுவாயை அடுத்து இரண்டாமிடத்திலேயே வந்துவிடுகிறது. 'பை நவ்' என்னும் சாட்சி கடைசியிலே வருகிறது. தமிழ்ப் பழக்கமுள்ள மாணாக்கன் 'மஸ்ற்' என்று கண்டவுடன் 'வேண்டும், கட்டளை' எனத் தீர்ப்பெழுதிவிட்டு, எஞ்சிய சொற்களை மேலோட்டமாகப் பார்த்துப் போகிறான். ஆங்கிலத் துணைவினையைக் கண்டவுடன் பொருள் கொள்ளாது, முற்றுப்புள்ளிவரை அதனை ஐயப்பொருளாகவே மனத்தில் வைத்திருக்கப் பழக்குதல் வேண்டும்.

இப்பழக்கம் இல்லாமையால் வரும் இழப்புச் சிறிதன்று. காலங்கடந்த விண்ணப்பங்கள் 'மே நொற் பி அக்செப்ரட்' என்று ஓர் அறிவித்தல் கூறுவதாகக் கொள்வோம். 'ஏற்கப்படாமலும் போகலாம்' என்பது ஒரு பொருள். 'ஏற்கப்படுதல் கூடாது' என்பது மற்றொன்று. முதலாவதாயின் ஒருநாள் பிந்தியும் அனுப்பிப் பார்க்கலாம். இரண்டாவதாயின் முத்திரைக் காசும் வீண். நல்ல ஆங்கிலம் எழுதுபவர் இவ்விடத்து ஓர் அயற்சொல்லை இட்டு ஐயத்தை நீக்குவார். 'மே வெல் நொற்' என்று 'வெல்' இடையில் வந்தால், பெரும்பாலும் ஏற்கப்படாது என்னும் எச்சரிக்கை. 'அண்டர் எனி சேர்க்கம்ஸ்ரான்சஸ்' என்னும் முன்னிடைத் தொடர் வந்தால், எக்காரணங் கொண்டும் ஏற்கக்கூடாது என்னும் விலக்கு. இத்தொடரை வெறும் அலங்காரமென்று தாண்டிப் போகிறவன் வாக்கியத்தின் உயிரையே தாண்டிப் போகிறான்.

'பொசிப்ளி' என்னும் வினையடை இதனினும் நுட்பமானது. அகராதியைப் புரட்டினால் 'ஒருவேளை' என்றிருக்கும். 'ஹி மே பொசிப்ளி கம்' என்புழி அப்பொருள் பொருந்தும். ஒருவேளை அவர் வரக்கூடும். 'குட் யூ பொசிப்ளி கம்?' என்புழி ஒருவேளைக்கு இடமே இல்லை. அங்கே அது வேண்டுகோளை மென்மையாக்கும் மரியாதைச் சொல். 'தயைகூர்ந்து வர இயலுமா?' என்பது போன்றது. 'ஐ கான்நொற் பொசிப்ளி கம்' என்றாலோ, 'எவ்வாற்றானும் வர இயலாது' என்று அடித்துக் கூறுவதாகும். ஒரே சொல் 'மே' என்பதோடு சேர்ந்து ஐயத்தையும், 'குட்' என்பதோடு சேர்ந்து பணிவையும், 'கான்நொற்' என்பதோடு சேர்ந்து உறுதியான மறுப்பையும் தருகிறது. பரிசளிப்பு விழாவுக்கு அழைக்கப்பட்ட பெரியார் ஒருவர் மூன்றாவது வாக்கியத்தை எழுதி அனுப்ப, செயலாளராகிய மாணவர் அகராதியை நம்பி 'ஒருவேளை வரமாட்டார்' என்று பொருள்கொண்டால், மேடையில் ஒரு கதிரை கடைசிவரை வெறுமையாகவே கிடக்கும்.

வினையடை நிற்கும் இடமும் பொருளை மாற்றும். 'யூ சிம்ப்ளி கான்நொற் கோ' என்பதற்கும் 'யூ கான்நொற் சிம்ப்ளி கோ' என்பதற்கும் சொற்கள் ஒன்றே. யாழ்ப்பாணப் பேச்சில் சொன்னால் முன்னது 'போகவே ஏலாது'. பின்னது 'சும்மா எழும்பிப் போக ஏலாது'. முன்னதில் 'சிம்ப்ளி' மறுப்பின் வெளியே நின்று அதனை வலியுறுத்துகிறது. நம் தேற்றேகாரத்தின் வேலையைச் செய்கிறது. பின்னதில் அது மறுப்பின் உள்ளே அகப்பட்டுக்கொள்கிறது. போவது விலக்கப்படவில்லை, சொல்லாமற் கொள்ளாமற் போவதே விலக்கப்பட்டது. ஏகாரத்துக்கு நன்னூலார் ஆறு பொருள் கூறியதை மனனஞ் செய்த மாணாக்கனுக்கு இது புதிதாகத் தோன்றாது. இடைச்சொல் தனித்து நடவாது, பெயரொடும் வினையொடும் சார்ந்தே நடக்கும் என்னும் நம் இலக்கணக் கொள்கையை ஆங்கில வகுப்பிலும் நினைவிற் கொண்டால் பாதி வேலை முடிந்தது.

மறுப்பிலே இன்னொரு பள்ளமும் உண்டு. 'மஸ்ற்' என்பது வேண்டும் ஆதலின், 'மஸ்ற் நொற்' என்பது வேண்டியதில்லை என்று நம்மவர் கணக்குப் போடுவர். கணக்குச் சரிபோலத் தோன்றும், விடை பிழை. 'மஸ்ற் நொற்' என்பது கூடாது என்னும் விலக்கு. வேண்டியதில்லை என்பதற்கு 'நீட் நொற்' என்றே சொல்லவேண்டும். நம் 'வேண்டாம்' என்பது இரண்டுக்கும் இடையிலே நிற்பதுதான் இம்மயக்கத்துக்குக் காரணம். 'நாளைக்கு வரவேண்டாம்' என்பதைச் சொல்லும் குரலை வைத்தே, வராவிட்டாலும் பாதகமில்லை என்பதா, வந்தால் கோபம் வரும் என்பதா என்று அறிகிறோம். எழுத்தாங்கிலத்தில் குரல் இல்லை. நேரிற் சமூகந்தர 'நீட் நொற்' என்றெழுதிய கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே இரவுப் பேருந்தில் கொழும்புக்குப் போவாரும் உளர்.

சில சேர்க்கைகள் பிரிக்கலாகாதபடி இறுகிவிட்டன. 'மே வெல்' என்பது பெரும்பாலும் கூடும் என்னும் பொருளது. இடையில் 'அஸ்' என்னும் சிறு சொல் நுழைந்து 'மே அஸ் வெல்' ஆனால், வேறு வழியில்லை, இதையே செய்துவிடலாம் என்னும் சலிப்பு வந்துவிடுகிறது. 'வி மே அஸ் வெல் வோக்' என்பான் பேருந்துக்குக் காத்து அலுத்தவன். 'வுட் றாதர்' என்பது ஒன்றனினும் மற்றொன்றை விரும்புதல். 'ஹாட் பெற்றர்' என்பதைத் துணைவினையாக இலக்கண நூலார் எல்லாரும் எண்ணுவதில்லை. எனினும் அத்தொழிலையே அது செய்கிறது. இதில் நம் மாணாக்கர் மிகக் கவனமாயிருத்தல் நன்று. 'பெற்றர்' என்னும் சொல்லைக் கண்டு இதனை இனிய உபசாரமென்று கருதி, வந்த விருந்தினரிடம் 'யூ ஹாட் பெற்றர் சிற் டவுன்' என்று சொல்லிவிடுவர். அது 'இருங்கோ ஐயா' என்பதன்று. 'பேசாமல் இரும், இல்லாவிட்டால் நடப்பது வேறு' என்பதற்கு அண்மையானது.

முன்னிடைச்சொற்களுக்கு வருவோம். 'குட் டூ வித்' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், 'உடன் செய்ய முடிந்தது' என்று பொருளற்ற தொடரே கிடைக்கும். 'ஐ குட் டூ வித் எ கப் ஒவ் ரீ' என்றால், இப்போது ஒரு தேநீர் கிடைத்தால் நல்லது என்பதே. 'வித்' நீங்கி 'வித்தவுட்' வந்து, துணைவினையும் 'கான்நொற்' ஆனால், அஃதின்றி அமையாது என்பதாம். நாம் நாள்தோறும் எழுதும் 'இன்றியமையாத' என்னும் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். 'இன்றி' என்பது 'வித்தவுட்'. 'அமையாத' என்பது 'கான்நொற் டூ'. இரண்டு மொழியும் ஒன்றையொன்று அறியாமலே ஒரே வழியில் நடந்திருக்கின்றன. இதனை வகுப்பிற் காட்டினால் மாணாக்கர் முகத்தில் வரும் மலர்ச்சிக்காகவே காட்டலாம். 1755இல் தமது ஆங்கிலப் பேரகராதியை வெளியிட்ட சாமுவேல் யோன்சன், வினைச்சொல்லோடு இத்தகைய சிறு சொற்கள் கூடிப் புதுப்பொருள் தருதலே அயல்நாட்டாருக்குப் பெருந்தொல்லை என்று முகவுரையிலேயே குறித்தார். ஆகவே இடறுகிறவர்கள் நாம் மட்டுமல்லோம்.

'மஸ்ற் பி ஓவ்' என்னுந் தொடரையும் நோக்குக. 'ஐ' என்பது எழுவாயானால், 'நான் புறப்படவேண்டும்' என்பது. நாம் 'போய்வருகிறேன்' என்று சொல்லும் இடத்து ஆங்கிலேயர் இதனைச் சொல்வர். 'பால்' எழுவாயானால், அது திரைந்துவிட்டது போலும் என்னும் ஊகம். விடுதியின் மின்விளக்கு எழுவாயாகிப் 'பை ரென்' என்பதும் சேர்ந்தால், பத்து மணிக்குள் அணைக்கவேண்டும் என்னும் சட்டம். பழைய விடுதி மாணவர்க்கு இதன் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை.

'வுட்' பற்றிச் சிறிது. 'அக்காலத்தில் அப்பு மாலைதோறும் திண்ணையில் இருப்பார்' என்கிறோம். 'இருப்பார்' எதிர்கால வினை. அப்புவோ காலமாகிப் பல்லாண்டு. 'அக்காலத்தில்', 'மாலைதோறும்' என்னும் அடைகளே எதிர்கால வினையை இறந்தகால வழக்கமாக மாற்றிவிட்டன. ஆங்கிலத்தில் 'வுட்' என்பதோடு 'எவ்ரி ஈவினிங்' சேரும்போதும் இதுவே நிகழ்கிறது. 'இஃப்' சேர்ந்தாலோ அதே 'வுட்' நிபந்தனையாகிவிடும். 'கான்' என்பதற்கும் பழைய ஆங்கிலத்தில் 'அறிதல்' என்பதே முதற்பொருள். 'எனக்கு நீந்தத் தெரியும்' என்று நாம் ஆற்றலை அறிவாகவே சொல்வதை எண்ணுக. 'ஷல்' கடன்படுதலிலிருந்தும், 'வில்' விரும்புதலிலிருந்தும் வந்தவை. நம் 'வேண்டும்' என்பதும் விருப்பத்திற் பிறந்ததே.

ஆதலின் துணைவினைப் பட்டியலை மனனஞ் செய்விக்கும் ஆசிரியர்கள் அதனைச் சோடி சோடியாக எழுதிக் கொடுப்பார்களாயின் நன்று. 'மஸ்ற்' என்று தனியே எழுதாது, 'பை சிக்ஸ்' என்பதோடு ஒன்றும் 'பை நவ்' என்பதோடு ஒன்றுமாக எழுதுதல் வேண்டும். அகராதிப் பொருளைவிட இது இடம் அதிகம் பிடிக்கும். கரும்பலகை போதாமற் போகலாம். எனினும் ஒரு வாரத்துக்கு இரண்டு சோடி போதும்.

மாணவர்க்குப் பயிற்சியாக மூன்று வாக்கியங்களை ஈண்டுத் தருகிறேன். 'ஹி வில் பி இன் கொழும்பு பை நவ்.' 'யூ நீட் ஒன்லி ஆஸ்க்.' 'ஷி குட் ஈசிலி ஹாவ் வொன்.' இவற்றை முதலில் வீட்டுத் தமிழிலும், பின்னர் எழுத்துத் தமிழிலும் பெயர்க்குக. முதலாவதில் 'வில்' எதிர்காலத்தைக் குறிக்கிறதா? இரண்டாவதில் 'ஒன்லி' எதனை மட்டுப்படுத்துகிறது? மூன்றாவதில் அவள் வென்றாளா? விடைகளை எழுதி முடித்தபின், தமிழ் வாக்கியத்தில் அப்பொருளைத் தரும் சொல்லின் கீழ் ஒரு கோடிடுக. அகராதியை அதன்பின் திறக்கலாம்.