எண்ணெய்க் கிணறும் ஏற்றமும்

நிலத்தினடியிற் கிடக்கும் பொருளை மேலே கொணர்தல் மனிதன் தொன்றுதொட்டுச் செய்துவரும் தொழில்களுள் ஒன்று. நீரை வேண்டிக் கிணறு தோண்டியவன், பின்னர் எண்ணெயை வேண்டியும் தோண்டினான். தருமபுரி மாவட்டத்தில் எண்ணெய்க் கிணறு இல்லை. பெட்ரோலியம் பெரும்பாலும் படிவுப் பாறைகளிற் கிடைப்பது. தருமபுரியோ மிகப் பழைய கடும்பாறையின்மேல் அமைந்த நாடு. ஒகேனக்கலில் வீழும் காவிரி, கடலை அணுகும் நரிமணம் முதலிய இடங்களிலேயே நம் மாநிலத்து எண்ணெய் கிடைக்கின்றது. ஆயினும், எண்ணெயை மேலேற்றும் முறைகளைக் கற்க விரும்புவோர்க்குத் தருமபுரியின் நீர்க்கிணறுகளே நல்ல பாடசாலையாகும். அஃது எங்ஙனம் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

எண்ணெய், பாறையின் நுண்துளைகளில் மிக்க அழுத்தத்தோடு அடைபட்டுக் கிடப்பது. துளையிட்டவிடத்து, அவ்வழுத்தம் கிணற்றில் நிற்கும் எண்ணெய்த்தூணின் பாரத்தை வென்றால், எண்ணெய் தானே பொங்கி வழியும். 1901-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாகாணத்து ஸ்பிண்டில்டாப் என்னுமிடத்தில் ஒரு கிணறு இவ்வாறே வானோக்கிப் பீறிட்டது. எல்லாக் கிணறுகளும் அத்தகையன அல்ல. 1859-இல் பென்சில்வேனியாவில் டிரேக் என்பார் தோண்டுவித்த புகழ்பெற்ற கிணறு ஏறக்குறைய 70 அடி ஆழமே உடையது. அதன் எண்ணெயைப் பம்பினால் இறைத்தே எடுத்தனர். பொங்கிய கிணறும் நாளடைவில் அழுத்தங் குன்றி அடங்கிவிடும். 1,000 மீட்டர் உயரமுள்ள எண்ணெய்த்தூணைத் தாங்க, வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 80 மடங்கு அழுத்தம் வேண்டும். அது குறையும்போது மனிதன் கைகொடுத்தாக வேண்டும்.

மேலிருந்து உறிஞ்சினால் ஆகாதோ எனின், ஆகாது. உறிஞ்சுதல் என்று நாம் கூறுவது உண்மையில் வெளிக்காற்று நீரைத் தள்ளுதலேயாகும். காற்றின் அழுத்தம் 34 அடிக்கு மேல் நீரைத் தூக்கவல்லதன்று. நடைமுறையில் 25 அடி கிட்டுதலே அரிது. ஆழமான கிணறுகளில் உழவர் எஞ்சினைக் கரையில் வையாது, உள்ளே மேடையமைத்து வைத்ததன் காரணம் இதுவே. ஆகவே, ஒன்று ஏற்றுங் கருவி ஆழத்திற்கு இறங்கவேண்டும். அன்றேல் ஏறவேண்டிய பாரம் இலேசாக வேண்டும்.

முதலாவது, தண்டுப் பம்பு. நம் முன்னோரது ஏற்றத்தை நினைவு கூர்க. நடுவில் தாங்கப்பட்ட நெடுமரம் ஒருபுறம் தாழ, மறுபுறம் உயரும். ஆள் அதன்மேல் முன்னும் பின்னும் நடக்கச் சால் இறங்கி ஏறும். எண்ணெய் வயல்களில் தலையசைத்து நிற்கும் யந்திரமும் அத்தகைய துலாமே. ஆளுக்குப் பதிலாக மோட்டாரும், கயிற்றுக்குப் பதிலாக நெடிய எஃகுத் தண்டுகளும், சாலுக்குப் பதிலாகக் கிணற்றினடியில் பிஸ்டனும் வால்வுகளும் உள்ளன. தண்டு இறங்கும்போது மேல் வால்வு திறந்து எண்ணெயை உள்ளே கொள்ளும். ஏறும்போது மூடிக்கொண்டு அதனைத் தூக்கும். நம் கிராமத் தெருக்களில் நிற்கும் 'இந்தியா மார்க் 2' கைப்பம்பும் இதே அமைப்பினது.

இரண்டாவது, வாயுவேற்றம். ஆழ்துளைக் கிணறுகள் சிலவற்றில் கம்ப்ரசர் கொண்டு குழாய்வழியே காற்றைச் செலுத்துவர். காற்றுக்குமிழிகள் கலந்த நீர் இலேசாகி மேலெழும். எண்ணெய்க் கிணற்றிலும் அவ்வாறே செய்வர். ஆனால் காற்று எண்ணெயாவியோடு கலந்து வெடிக்கக்கூடுமாதலின், நிலத்தினின்று கிடைக்கும் இயற்கை வாயுவையே செலுத்துவர்.

மூன்றாவது, மூழ்கு மோட்டார். நீண்டு ஒடுங்கிய மின்சார மோட்டாரையும், அடுக்கடுக்கான சுழற்சக்கரங்களையுடைய பம்பையும் கிணற்றினுள்ளேயே இறக்கிவிடுதல் இம்முறை. எண்ணெய்க் கிணறுகளுக்கு இதனை வகுத்தவர் ருஷ்யாவினின்று அமெரிக்கா சென்ற அருட்டுனாப் என்னும் பொறிஞர். இன்று தருமபுரியின் தோட்டந்தோறும் அதன் இனத்தைச் சேர்ந்த பம்பே ஒலியின்றி உழைக்கின்றது.

இனி, இம்முறைகளனைத்தும் செய்வது யாது? இவை பாறையினின்று எண்ணெயைப் பிழிந்தெடுப்பன அல்ல. கிணற்றினடியில் நிற்கும் பாரத்தைக் குறைப்பனவே. பாரம் குறையப் பாறை தன்னிடமுள்ளதைத் தானே ஊறவிடும். "இறைத்த கிணறு ஊறும், இறையாத கிணறு நாறும்" என்னும் நம் பழமொழி இவ்வுண்மையின் சுருக்கமேயாம்.

ஆயினும் பழமொழி கூறாது விட்ட எல்லை ஒன்றுண்டு. ஊறுவதைக் காட்டிலும் விரைந்து இறைத்தால், பம்பின் உட்புறம் பாதி வெறுமையாகும். இறங்கும் பிஸ்டன் எண்ணெயின்மேல் சம்மட்டிபோல் மோதும். நாளடைவில் தண்டு முறியும். ஆகவே எண்ணெய்ப் பொறிஞர் கிணறு எவ்வளவு தரும் என்பதை முன்னர் அளந்து, அதற்கேற்பவே பம்பின் அளவையும் வேகத்தையும் வரையறுப்பர்.

நீரிறைக்கும் நாமோ இவ்வளவையைப் பெரிதும் மறந்தோம். கவலையிறைத்த காலத்தில் எருதுகளின் களைப்பே கிணற்றுக்கு ஓய்வாயிற்று. மோட்டாருக்குக் களைப்பில்லை. நீர் தாழத்தாழ நாம் துளையை ஆழப்படுத்தினோம். கடும்பாறையில் நீர் நிற்பது வெடிப்புகளிலும் சிதைந்த மேற்பகுதியிலுமே. ஆழம் மிகுதலால் மட்டும் நீர் மிகுதல் உறுதியன்று. அன்றியும், பாறையோடு நெடுநாள் உறவாடிய நீரிற் புளோரைடு மிகுதலுண்டு. ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்ட புளோரைடுள்ள நீரை நெடுங்காலம் பருகுதல் தீது. பல்லில் கறையும், மிகுந்தவிடத்து எலும்பில் நோயும் உண்டாகும். தருமபுரியின் பல ஊர்கள் இத்துன்பத்தை அனுபவித்தன. அதனைத் தணிக்கவே காவிரி நீரைக் கொணரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் திறந்துவைக்கப்பட்டது.

எண்ணெய் ஒருமுறை எடுத்தால் மீள நிரம்பாத செல்வம்; அதனை இறைப்போர் ஒவ்வொரு கிணற்றையும் அளந்து இறைக்கின்றனர். நீரோ மழை உதவ மீள நிரம்பும் செல்வம். அதனை நாம் அளவாது இறைக்கின்றோம். ஏற்றுங் கருவியை ஆக்கிய அறிவினும், ஊறும் அளவை அறியும் அறிவே பெரிது. விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் கிணற்றில் கயிறு விட்டு நீர்மட்டத்தை மாதந்தோறும் அளந்து எழுதிவைக்க ஏற்பாடு செய்வாராயின், அதுவே இவ்வறிவின் தொடக்கமாகும். செலவு ஒரு கயிறும் ஒரு குறிப்பேடுமே.